மச்சானின் கேமராவில் இருந்த தூசி

என் மனைவி தூசி தட்டிச் சம்பளம் வாங்குகிறவள். இப்படிச் சொன்னால் அவளுக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். ஆனால் நடப்பது அதுதான். வான ஆராய்ச்சிக் கூடத்தில் கேமராக்களைத் திறந்து, உள்ளே வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் சென்சார் என்ற பிஸ்கட் அளவுச் சில்லின் மேல் உட்கார்ந்திருக்கும் தூசியை, ஒரு கீறல் விழாமல் எடுக்க வேண்டும். வீட்டிலோ எங்கள் மின்விசிறி இறக்கையில் படிந்திருக்கும் தூசியில் ஒரு போகம் விவசாயம் செய்யலாம். கேட்டால், "ஆபீஸ்ல நாள் முழுக்க அதோட மல்லுக்கட்டுறேன், வீட்டுலயாவது அது நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே" என்பாள்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைத் திருப்புகிறவர்களோடு பகல் முழுவதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், உலகத்தில் எந்த விபத்தைக் கேள்விப்பட்டாலும் திரும்புவதற்கு முன் யார் பார்க்காமல் விட்டார்கள் என்றுதான் என் புத்தி போகும். இந்த விஷயத்திலும் அப்படித்தான் போனது. போய் என்ன பிரயோஜனம்?

தூசி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாமலா போகும். சென்சார் மேல் ஒரு தூசி இருந்தால் எடுக்கிற படத்தில் எல்லாம் அந்த இடத்தில் வளையம் போல ஒரு நிழல் விழும். மங்கலான நட்சத்திரம் அந்த நிழலுக்குள் மாட்டினால் இன்னும் மங்கிப்போகும். அதனால் ஒரு வெள்ளைத் திரையில் விளக்கைப் போட்டு, அதே கேமராவால், அதே தூசியோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்தப் படத்தில் வானம் கிடையாது, நட்சத்திரம் கிடையாது, தூசியின் நிழல் மட்டும்தான். பிறகு கம்ப்யூட்டர் அதை வைத்து நட்சத்திரப் படத்திலிருந்து நிழலை நீக்கிக் கொடுத்துவிடும். அந்த வெள்ளைப் படத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃப்ளாட். கல்யாணமான புதிதில் மனைவி போனில் ஃப்ளாட் ஃப்ளாட் என்று பேசும்போதெல்லாம், ஆபீஸில் எல்லோரும் வீடு வாங்குகிறார்கள், நாம்தான் வாடகைக்கு இருக்கிறோம் என்று ஏங்கியிருக்கிறேன்.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. நட்சத்திரத்தை எடுத்தபோது இருந்த தூசி, ஃப்ளாட் எடுக்கும்போதும் அதே இடத்தில் இருக்க வேண்டும். அதுவரைக்கும் அந்தத் தூசிதான் வீட்டுக்கு உரிமைப்பட்ட குடித்தனக்காரர், காலி பண்ணச் சொல்ல முடியாது. அதனால் யார் கேமராவைக் கொண்டு வந்து நீட்டினாலும் என் மனைவி கேட்கிற முதல் கேள்வி, "ஃப்ளாட் எடுத்தாச்சா?" வணக்கம் சொன்ன டைரக்டருக்கே அதைத்தான் பதிலாகச் சொன்னாள் என்று அங்கே ஒரு கதை உண்டு.

இனி மச்சான். அவன் என் மனைவியின் ஒரே தம்பி, அதே கூடத்தில் ஆராய்ச்சியாளன். அவனுக்கென்று ஒரு நட்சத்திரம் உண்டு. அதற்கு ஒரு துணை நட்சத்திரம். பல வருஷங்களுக்கு ஒருமுறை அந்தத் துணை குறுக்கே வந்து மறைக்க, நட்சத்திரம் சில வாரம் மங்கிக் கிடக்கும். அந்த மங்கலின் நட்டநடுவில் வெளிச்சம் ஒரு சிட்டிகை கூடித் திரும்பக் குறையும் என்று மச்சான் படிக்கிற காலத்திலேயே எழுதினான். பெரிய தலைகள் எல்லாம் சிரித்தன. நிரூபிக்க வேண்டுமானால் அடுத்த மறைப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டும். காத்திருந்தான். தலைமுடி காத்திருக்கவில்லை, அது பாட்டுக்குக் கொட்டிப்போனது. கல்யாணப் பேச்சை எடுத்தால், "நட்சத்திரம் முடியட்டும்" என்பான். இந்த முறை தவறிவிட்டால் அடுத்த மறைப்பு அவன் தடி ஊன்றி நடக்கிற வயதில்தான் வரும்.

அக்காவும் தம்பியும் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தார்கள், ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. காரணமும் தூசிதான். சில வருஷம் முன்னால் ஒரு நாள் மச்சான் திறந்திருந்த கேமராவைத் தூக்கி, வாயால் ஊதிவிட்டான். வாயால் ஊதினால் தூசி போகாது, எச்சில்தான் போய் ஒட்டும். காய்ந்த எச்சிலைச் சில்லின் மேலிருந்து எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. என் மனைவி அவனுடைய மாணவர்கள், வெளியூர் விருந்தாளிகள் அத்தனை பேர் முன்னாலும், "இவ்வளவு படிச்சு என்னடா பிரயோஜனம், பிறந்தநாள் மெழுகுவத்தி ஊதுற மாதிரி ஊதுற!" என்று பிடித்துக்கொண்டாள். மச்சானுக்கு மூக்கு உடைந்துபோயிற்று. பதிலுக்கு அவன், "நீ துடைக்கிறவ. துடைக்கிறதோட நில்லு" என்றான். இரண்டு பேர் நாக்கிலும் சனி. எச்சிலை அவள் ஒரு வாரத்தில் எடுத்துவிட்டாள். அந்த வார்த்தையை யாராலும் எடுக்க முடியவில்லை.

அதன்பிறகு எது பேசுவதானாலும் அம்மா வழியாகத்தான். என் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மச்சான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். இவள், "அம்மா, சாப்பாடு ஆறுதுன்னு உங்க பிள்ளைகிட்ட சொல்லுங்க" என்பாள். "எனக்குக் கண்ணு இருக்குன்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்பான் அவன். மாமியார் பாவம், இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இந்த லட்சணத்தில் மறைப்பு வந்தது. மச்சான் மலைமேல் தொலைநோக்கிக் கூடத்தில் போய்த் தங்கிவிட்டான். நடு மங்கலுக்கான அந்தச் சில நாட்களை அவன் படம் எடுத்து முடித்த கையோடு, இங்கே என் மாமனார் குளியலறையில் மயங்கி விழுந்தார். இதயம். மச்சான் தகவல் கேட்டதும் போட்ட சட்டையோடு, தலையில் கம்பளித் தொப்பியோடு அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினான்.

வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. ஒரு முனையில் இவள், மறுமுனையில் அவன், நடுவில் மாமியார். நான் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவைப் பற்றிப் பேசப் பயந்துகொண்டு எல்லோரும் வேறு எதையாவது பேசிக்கொண்டிருந்த நேரம். மச்சான் அம்மாவிடம் சொன்னான்: "எல்லாப் படத்துலயும் தூசிம்மா. கேமராவ மாட்டும்போது எங்கிருந்தோ வந்து உக்காந்திருக்கு. சரியா நட்சத்திரம் விழற இடத்துலயே நிழல். இத்தனை வருஷம் காத்திருந்து, பாருங்க."

மாமியாருக்கு என்ன புரியும்? "துடைச்சாப் போகாதாப்பா?" என்றார். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அப்போதுதான் நர்ஸ் வந்து கூப்பிட்டாள், எல்லோரும் எழுந்து ஓடினோம். அந்த நர்ஸ் ஒரு நிமிஷம் பொறுத்து வந்திருக்கலாம். அவன் பதில் சொல்லியிருப்பான். அவரவர் வேலை அவரவருக்கு, நர்ஸைக் குற்றம் சொல்லி என்ன செய்ய.

மாமனார் பிழைத்தார். வார்டுக்கு மாற்றிய அன்று காலை என் மனைவி என் பக்கத்தில் வந்து, "ஏங்க, மலைக்குப் போயிட்டு வந்துடலாமா?" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. வண்டியில் ஏறிய பிறகு கேட்டேன்.

"தம்பி கேமராவா?"

"அவன் திரும்பி வர்றதுக்குள்ள சுத்தமா பண்ணி வெச்சிடுறேன். வந்து பாக்கட்டும். நானும் ஒண்ணும் சொல்ல வேண்டாம், அவனும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யேன்."

"சொன்னா வேண்டாம்பான். வீம்பு புடிச்ச கழுதை. அன்னிக்கு அம்மாகிட்ட சொன்னது எனக்குக் கேக்கணும்னுதான். நேரா கேக்க வாய் வராது அவனுக்கு."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. மலைப்பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்து, கண்ணாடி பார்த்துத்தான் திருப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத் தடுத்துக் கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. எனக்கும் அவள் சந்தோஷம்தான் பெரிதாகத் தெரிந்தது.

மேலே பகல் நேர ஆபரேட்டர் மட்டும் இருந்தார். மச்சானோடு ராத்திரி வேலை பார்த்தவர் லீவில் போயிருந்தார். "சார் அவசரமா கிளம்பிட்டாருங்க. கேமரா அப்படியே மாட்டினபடி இருக்கு. கழட்டலாமான்னு யாரும் சொல்லல" என்றார் அவர். "நான் பாத்துக்கறேன்" என்றாள் இவள். அக்காவே வந்து சொல்லும்போது அவர் எதற்கு மறுக்கப்போகிறார்?

அங்கே ஒரு சிறிய சுத்த அறை உண்டு. என்னை உள்ளே விடமாட்டாள். என் ஸ்வெட்டரைப் பார்த்தாலே அவளுக்கு ஆகாது. கண்ணாடிக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கேமரா உறைபனியைவிடக் குளிர்ந்து இருக்கும், அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே வியர்த்துச் சில்லு வீணாகிவிடும். அதனால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அறையின் சூட்டுக்குக் கொண்டுவந்தாள். அதற்கே பாதி நாள் போயிற்று. பிறகு மணிக்கட்டில் பட்டையைக் கட்டி அதன் வயரைத் தரையோடு இணைத்தாள், உடம்பில் இருக்கும் மின்சாரம் சில்லில் பாயக் கூடாதாம். கேமராவின் முகத்தைக் கீழே பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் காற்றை அடித்தாள். கிளம்புகிற தூசி திரும்ப உட்காராமல் கீழே விழ வேண்டும். சாய்வாக விளக்கைப் பிடித்து, உருப்பெருக்கியை வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மறுபடி காற்று. மறுபடி விளக்கு.

சில தூசிகள் அசையவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, கண்ணாடி வழியாக உதட்டைப் பிதுக்கினாள். பிறகு பட்டையான நுனி கொண்ட ஒரு குச்சியை எடுத்து, அதில் திரவத்தைத் தொட்டு, சில்லின் மேலிருக்கும் கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே இழுப்பு. அழுத்தமும் இல்லை, நடுவில் நிறுத்தமும் இல்லை. அந்தக் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். ஒரு தடவை தொட்ட குச்சி இரண்டாம் தடவை தொடக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் இழுத்தபோது வெளியே நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பெற்ற குழந்தையின் கண்ணிலிருந்து தூசி எடுப்பவள்கூட இவ்வளவு பதமாக எடுப்பாளா தெரியாது. அவள் வேலையில் அதுதான் சிறந்த வேலை என்று இன்றைக்கும் சொல்வேன்.

எல்லோரிடமும் கேட்கிற அந்தக் கேள்வியை மட்டும் அன்றைக்கு அவள் யாரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். 'அவன் அதுல கில்லாடியாச்சே, முதல் வேலையா ஃப்ளாட் எடுத்திருப்பான்' என்று நினைத்துக்கொண்டாளாம். பின்னால் சொன்னாள்.

மாமனாரை வீட்டுக்கு அழைத்துவந்த மறுநாள் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். மாமனாருக்கு உப்பில்லாத சூப். "இதைக் குடிச்சு உயிரோட இருக்கறதுக்கு அன்னிக்கே போயிருக்கலாம்" என்று முகத்தைச் சுளித்தார். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: வீட்டில் சத்தம், சண்டை, அழுகை எதுவும் கூடாது, மனிதர் அதிரக் கூடாது. நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்ததில் எனக்குக் கன்னம் வலித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் என் மனைவி, அம்மா பக்கம் திரும்பாமல், நேராகத் தம்பியைப் பார்த்தாள்.

"டேய், உன் கேமராவ துடைச்சு வெச்சிட்டேன். ஒரு பொட்டுத் தூசி கிடையாது."

மாமியார் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. மாமனார் சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வருஷக்கணக்கில் இரண்டு பேரும் ஏங்கிக் கிடந்த வாக்கியம் அது. எதைப் பற்றிய வாக்கியமாக இருந்தால் என்ன, அவள் அவனிடம் பேசிவிட்டாள். மாமியார் கண்ணில் மளமளவென்று தண்ணீர்.

மச்சான் தலை நிமிர்ந்தான். அவன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். வாய் திறந்தது. ஆனால் அவன் முதலில் அப்பாவைப் பார்த்தான், பிறகு அம்மாவை, கடைசியாக அக்காவை.

"கழட்டிட்டியா?" என்றான்.

"பின்ன, மாட்டினபடியேவா துடைப்பாங்க?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவன் முகத்தில் அவள் படித்துவிட்டாள். எந்தக் கேமராவிலும் எந்தத் தூசியையும் கண்டுபிடிக்கிற கண் அது, தம்பியின் முகத்தைப் படிக்காதா? அவள் உதடு மட்டும் சத்தமில்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்டது. மச்சான் மெல்ல, மற்றவர்களுக்குத் தெரியாத அளவுக்கு, இல்லை என்று தலையாட்டினான்.

"ரொம்ப நல்ல காரியம் பண்ணினேக்கா" என்று சத்தமாகச் சொன்னான். "சாப்பிடு. ஆறிடப்போகுது."

மாமனார், "இப்படி ரெண்டு பேரும் பேசுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் முன்னாடியே ஒரு தடவை விழுந்திருப்பேனே" என்றார். எல்லோரும் சிரித்தோம். என் மனைவியும் சிரித்தாள். அந்தச் சாப்பாட்டை அவள் முழுவதுமாகச் சாப்பிட்டு முடித்தாள்.

கிளம்பும்போது மச்சான் எங்களோடு வாசல் கேட் வரைக்கும் வந்தான். அங்கேதான் சொன்னான். மறைப்பு ஆரம்பித்த அன்றைக்கே ஃப்ளாட் எடுக்கிற திரை விளக்கு எரிந்துபோய்விட்டது. சாயங்கால வானத்தை வைத்து எடுக்கலாம் என்றால் தினமும் அந்த நேரம் பார்த்து மேகம். புது விளக்கு வந்து சேரும்வரை கேமராவைத் தொடாமல் விட்டால் போதும், எப்போது வேண்டுமானாலும் ஃப்ளாட் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறான். வந்த விளக்கு இன்னும் பெட்டியில் இருக்கிறதாம்.

"படத்திலேருந்தே நிழலை எடுக்க முடியாதா?" என்று கேட்டேன். ஒன்றும் தெரியாதவன் கேட்கிற கேள்வி.

"முயற்சி பண்றேன் மாமா" என்றான் மச்சான். "நான் தேடுற வெளிச்சமும் அந்த நிழலும் ஏறக்குறைய ஒரே அளவு. எது எதுன்னு பிரிக்கிறது கஷ்டம்."

என் மனைவி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "திட்டுடா" என்றாள். "இங்க அப்பாவுக்குக் கேக்காது. வாய்க்கு வந்தபடி திட்டிடு."

"நீ வேணும்னு பண்ணியிருந்தா திட்டியிருப்பேன்க்கா. திட்டிட்டு என் வேலையப் பாத்துட்டுப் போயிருப்பேன். எனக்காகப் பண்ணியிருக்கே. நான் யாரப் போய்த் திட்டறது?" அவன் குரல் உடைந்தது. "ஒரே ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே" என்றான்.

"உன் நம்பர் என்கிட்ட இல்லடா. அன்னிக்குக் கோவத்துல அழிச்சிட்டேன். அம்மாகிட்ட கேட்டா எதுக்குன்னு கேப்பாங்கன்னு..." அவளால் முடிக்க முடியவில்லை.

மச்சான் கையை நீட்டினான். அவள் போனைக் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் நம்பரை அவனே அடித்து, 'தம்பி' என்று பதிந்து, அவள் கையில் திரும்ப வைத்தான். பிறகு அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

மாதக்கணக்கில் அவன் அந்தப் படங்களோடு போராடினான். கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் கூட்டத்தில் எழுந்து, வெளிச்சம் கூடியது என்றும் சொல்ல முடியாது, கூடவில்லை என்றும் சொல்ல முடியாது, ஃப்ளாட் எடுக்காமல் விட்டது தன்னுடைய கவனக்குறைவு என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தான். கேமரா துடைக்கப்பட்டதைப் பற்றி மூச்சு விடவில்லை. என் மனைவி பின்வரிசையில் இருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தவளை அவன் திரும்பிப் பார்த்த பார்வை உட்கார வைத்துவிட்டது.

இப்போது அக்காவும் தம்பியும் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். மாமியாருக்குக் கழுத்து வலி குறைந்திருக்கிறது. மச்சான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறான், அப்பாவின் ரத்த அழுத்தம், அம்மாவின் பிடிவாதம் என்று இவளும் அரை மணி நேரம் பேசுகிறாள். போன் அவன்தான் செய்ய வேண்டும். இவள் சில நேரம் அந்த நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அமுக்கியதில்லை. அவனிடம் அவள் கேட்க வேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்விதான், அதைக் கேட்க வேண்டிய நாள் போய்விட்டது.